பியோர்ண்டாலில் நான் அடித்த ஆணி

ஒஸ்லோ விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி முதலில் வெளியே எடுத்தது ஆணிச்சுத்தியை. அடுத்து இழைப்புளி. அப்புறம் மூலைமட்டம், ரசமட்டம், தூக்குக்குண்டு, உளி இரண்டு. எல்லாவற்றையும் மேசைமேல் வரிசையாக அடுக்கிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். என்ன தொழில் என்று கேட்டார். எட்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் விவசாயம், தச்சு வேலை என்று சொன்னேன். சுத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நெய்யைத்தான் பிடித்துக்கொண்டார். வெளிநாட்டுப் பால் பொருள் எதுவும் உள்ளே வரக்கூடாதாம். என் மனைவி சாராள் எங்கள் பசுவின் வெண்ணெயைச் சேர்த்துச் சேர்த்து உருக்கிய நெய். கேழ்வரகு மாவையும் புளியையும் ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, போகலாம் என்றார்.

வெளியே நின்ற மகள் எஸ்தரிடம் முதல் வார்த்தையாக, "நெய் போச்சும்மா" என்றேன். பல வருடம் கழித்துப் பார்க்கிற மகளிடம் பேசுகிற பேச்சா அது? அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

நான் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவன் இல்லை. எஸ்தரின் கணவர் ஜெயராஜா ஒஸ்லோவில் பஸ் ஓட்டுபவர். குளிர்காலத்தில் ஒரு காலை பஸ்ஸிலிருந்து இறங்கியவர் உறைபனியில் வழுக்கி விழுந்து முதுகெலும்பு முறிந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஐந்து மாதமாக மருத்துவமனை. மகள் தனியாக ஓடிக்கொண்டிருந்தாள். தக்காளி பறிப்பு முடிந்ததும் நான் கிளம்பினேன். மாட்டையும் வயலையும் சாராள் பார்த்துக்கொள்கிறாள்.

எங்கள் ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். நாங்கள் மெனோனைட் சபை. பெயரைச் சொன்னால் கிறிஸ்தவர்களிலேயே பலர் "அது என்ன சபை?" என்று கேட்பார்கள். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க மாட்டோம். வளர்ந்து, தானே வாய் திறந்து கேட்க வேண்டும். ஆயுதம் தூக்க மாட்டோம். சத்தியம் பண்ண மாட்டோம். நகை போட மாட்டோம். காலையில் வயல், மத்தியானத்துக்கு மேல் பட்டறை, மூன்று பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. அறுபத்திரண்டு வருடம் அப்படித்தான் போயிருக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எஸ்தர் நர்ஸ் வேலைக்கு இங்கே வந்தவள். மன்னாரில் பிறந்த கத்தோலிக்கரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று எட்டு வருடத்துக்கு முன்பு போனில் சொன்னாள். நான் கோபப்படவில்லை. எங்கள் சபையில் கோபப்படுவதில்லை. கல்யாணத்துக்குப் போகவில்லை, அவ்வளவுதான். மருமகன் போனில் பேசினால் "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டுவிட்டுச் சாராளிடம் கொடுத்துவிடுவேன். கோபப்படாமலே ஒரு மனிதனை எவ்வளவு தூரத்தில் நிறுத்திவைக்கலாம் என்பதை அந்த எட்டு வருடத்தில் நன்றாகவே கற்றுக்கொண்டேன்.

வீடு ஒஸ்லோவின் ஓரத்தில், பியோர்ண்டால் என்ற இடத்தில். ஒட்டிக் கட்டிய மர வீடுகள் வரிசையாகச் சரிவில் இறங்குகின்றன, பின்னால் காடு. வேலி இல்லை, நாய் குரைக்கவில்லை, யாரும் யாரையும் சத்தம்போட்டுக் கூப்பிடவில்லை. ஊரில் எங்கள் தெருவில் ஒரு தட்டு விழுந்தால் மூன்று வீட்டுக்காரர்கள் என்ன ஆச்சு என்று கேட்பார்கள். இங்கே நாங்கள் பெட்டியைத் தடதடவென்று இழுத்துக்கொண்டு போனோம். ஒரு சன்னல்கூட அசையவில்லை. வீட்டு வாசலுக்கு ஐந்து படி. தச்சன் கண் முதலில் அதைத்தான் பார்த்தது. சக்கர நாற்காலிக்கு ஐந்து படி என்பது மலைதான்.

மறுநாள் புதன்கிழமை. எஸ்தருக்கு வேலை. மருத்துவமனை கடலுக்கு அந்தப் பக்கம். படகு ஏறி, இறங்கி, பஸ் பிடிக்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்தாள். படகில் ஏறி உட்கார்ந்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அரைமணி போல ஓடி நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். ஊர் பேரை யாராவது சத்தமாகச் சொல்வார்கள் என்று நான் காத்திருந்தேன். எங்கள் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் சொல்வார், சொல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கும் அம்மா சொல்லும். இங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. வேறு ஆட்கள் ஏறினார்கள். படகு புறப்பட்டது. கொஞ்ச நேரத்தில் நான் ஏறிய அதே துறை எதிரே வந்தது. மறுபடி போனேன். மூன்றாவது முறை படகுத் தொழிலாளி ஒருவர் பக்கத்தில் வந்து, காகிதத்தை வாங்கிப் படித்து, என் முழங்கையைப் பிடித்து இறக்கிவிட்டார். "படகு பிடித்திருந்தால் இன்னொரு நாள் வாருங்கள்" என்று அவர் சொன்னதாகப் பக்கத்தில் நின்ற ஒரு பெண் ஆங்கிலத்தில் சொன்னார்.

பஸ்ஸில் இருந்தபடி நடந்ததை எஸ்தரிடம் போனில் சொன்னேன். நான் மருத்துவமனைக்குப் போவதற்குள் அவள் அங்கே சொல்லியிருக்கிறாள்.

"வாங்கோ மாமா" என்றார் ஜெயராஜா. "ஒரு டிக்கெட்டிலை மூண்டு தரம் கடலைப் பாத்திட்டு வாறீங்கள் எண்டு எஸ்தர் சொன்னவ. பஸ் ஓடுற எனக்கு இது வெட்கக்கேடு எல்லோ?"

சிரித்தேன். அவரை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. போட்டோவில் தடித்த ஆள். இங்கே சட்டைக்குள் பாதி ஆள் இருந்தார். கைகள் மட்டும் உரமாக இருந்தன. சன்னலுக்கு வெளியே கடலை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது நகராட்சியிலிருந்து ஒரு பெண்மணி வந்து உட்கார்ந்தார். அவர் சொன்னதை ஜெயராஜா எனக்குத் தமிழில் சொன்னார், வேறு யாருக்கோ நடப்பதைச் சொல்வதுபோல. "இஞ்சை என்ரை சிகிச்சை முடியுது. திங்கக்கிழமை பத்து மணிக்கு வீட்டைப் பாக்க ஆள் வரும். நாற்காலி உள்ளை போக வழி இருந்தா நான் வீட்டை போகலாம். இல்லாட்டி திராமன் எண்ட ஊரிலை ஒரு பராமரிப்பு இல்லத்திலை இடம் வச்சிருக்கினம். இலையுதிர்காலம் வரைக்கும்."

"நகராட்சி வழி செஞ்சு தராதா?"

"தரும். வரிசையிலை நிக்கோணும். கோடை விடுமுறை வந்திட்டுது, எல்லாம் பிறகுதான்."

அந்தப் பெண்மணி போன பிறகு அவர் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். "மாமா, எஸ்தரிட்டைச் சொல்லாதேங்கோ. திராமனுக்குப் போனா நான் திரும்பி வரமாட்டன் எண்டு பயமாக் கிடக்கு. அங்கை இருக்கிறவை எல்லாம் எண்பது தொண்ணூறு வயசு. நானும் பழகிப்போயிடுவன். பழகினா முடிஞ்சுது."

அவர் தோளில் கை வைத்தேன். எட்டு வருடத்தில் அதுதான் நான் அவருக்குச் செய்த முதல் காரியம்.

வியாழக்கிழமை காலை தெருமுனையில் ஒரு லாரி மரத்தை இறக்கிவிட்டுப் போனது. நானும் எஸ்தரும் அதை வாசலுக்குச் சுமந்து வந்தோம். மருந்து ஏற்றிய பைன் மரம், லேசான பச்சை நிறம். "நாற்காலி ஏற சாய்தளம் போட கார்பென்டர் புக் பண்ணியிருக்கேன்பா. ஆனா அவர் மூணு வாரம் கழிச்சுத்தான் வருவாராம்" என்றாள். "இந்த வரிசை வீடுகளுக்கு ஒரு போர்டு இருக்கு. வெளியில எது கட்டினாலும் அவங்க சரின்னு சொல்லணும். அதுக்கும் லெட்டர் போட்டாச்சு."

லெட்டர் போட்டாச்சு என்றால் எங்கள் பக்கம் காரியம் முடிந்தது என்றுதான் பொருள். பஞ்சாயத்தில் மனு கொடுத்தவன் பதில் வரும்வரை கடப்பாரையைக் கீழே வைத்ததாக நான் பார்த்ததில்லை. பதில் வரும்வரை பொறுக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"மூணு வாரம் எதுக்கு? நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன்.

"நீங்க ஒரு ஆளா எப்படிப்பா?"

"சனிக்கிழமை பாரு."

வெள்ளிக்கிழமை முழுவதும் அளந்தேன். காலை உணவுக்கு ஒரு பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவிக் கொடுத்தாள். பார்வைக்கு வெல்லம், வாயில் போட்டால் பால்கோவாவில் உப்புப் போட்டதுபோல. நான்கு துண்டு தின்றேன். மத்தியானம் கேழ்வரகுக் களி கிண்டினேன். அவள் கையால் பிட்டுப் புளிக்குழம்பில் தோய்த்து விழுங்கினாள். சாராளுக்கு வீடியோவில் காட்டினேன். "களி கட்டி தட்டியிருக்கு" என்றாள் அவள்.

இனி சனிக்கிழமை. அதற்கு முன்பு எங்கள் சபையின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

எங்களில் ஒருவருக்கு வீடோ மாட்டுக்கொட்டகையோ தேவைப்பட்டால் அவர் போய் யாரையும் கூப்பிட மாட்டார். விடிந்ததும் முதல் கம்பத்தில் முதல் ஆணியை அடிப்பார். சத்தம் கேட்கிற தூரத்தில்தான் எல்லாரும் குடியிருக்கிறோம். கேட்டவன் தன் சுத்தியோடு வருவான். கூப்பிட்டால், வர முடியாதவன் காரணம் சொல்லித் தலைகுனிய வேண்டிவரும். சத்தத்துக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வராமல் இருந்தவனை நான் பார்த்ததில்லை. பொழுது சாயும்போது கூரை ஏறியிருக்கும். என் வீடும் அப்படி ஒரே நாளில் எழுந்ததுதான். எத்தனையோ கொட்டகைக்கு நானும் ஓடியிருக்கிறேன்.

கண் விழித்தபோது நல்ல வெயில். பறவைச் சத்தம். கடிகாரம் பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை. வெளிச்சம்தான் எனக்கு மணி. முழங்காலில் நின்று ஜெபம் பண்ணினேன். மேல்சட்டையை மடித்துவிட்டு, முதல் தூணை முதல் சட்டத்தோடு சேர்த்துவைத்து, முழுக்கையும் வீசி அடித்தேன். பன்னிரண்டு அடி. மரவீடுகள் அந்தச் சத்தத்தை வாங்கி ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எறிந்தன. கடைசி வரிசை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

சன்னல்கள் திறந்தன. கதவுகள் திறந்தன. ஐந்து நிமிடத்தில் ஒன்பது பேர் வந்துவிட்டார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஸ்தோத்திரம், இந்த ஊரிலும் வருகிறார்களே! யார் கையிலும் சுத்தி இல்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

முதலில் வந்தவர் எண்பது வயதிருக்கும் பெரியவர், குளியல் அங்கியும் ரப்பர் பூட்ஸும். பெயர் ஆர்னே. என்ன சொன்னார் என்று புரியவில்லை. நல்லதாக இல்லை என்பது மட்டும் புரிந்தது. அடுத்து மூன்றாம் வீட்டுச் சிவநேசன். யாழ்ப்பாணத்துக்காரர், ரொட்டி சுடும் இடத்தில் இரவு வேலை.

"ஐயா! என்ன கண்டறியாத வேலை இது? நாலரை மணி! நான் வேலையாலை வந்து இப்பத்தான் சரிஞ்சனான். ஆராவது நாலரைக்கு ஆணி அடிப்பினமோ?"

"நாலரையா? நல்லா விடிஞ்சிருக்கே?"

"இஞ்சை ஆனி மாசம் அப்பிடித்தான் ஐயா விடியும்! சூரியனைப் பாத்து எழும்பினா மனுசர் நித்திரை கொள்ளுறதே இல்லை!"

எஸ்தர் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். "அப்பா! இங்க சனிக்கிழமை ஒன்பது மணி வரைக்கும் சத்தமே போடக்கூடாதுப்பா!" என்றவள், தூணைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. "ஆரம்பிச்சுட்டீங்களா? போர்டு இன்னும் பதிலே போடலையே!"

அந்த நேரம் இரவு உடைமேல் மழைச்சட்டை போட்ட ஒரு பெண்மணி வந்து முன்னால் நின்றார். ஹில்டே என்று பெயர். போர்டின் தலைவியே அவர்தான். எஸ்தர் எனக்கு மொழிபெயர்த்தாள்.

"யார் அனுமதி கொடுத்தது?"

சிவநேசன் என் பக்கம் குனிந்து, "ஐயா, பேசாம இருங்கோ. மரக்கறிப் பாத்தி கட்டுறம் எண்டு நான் சொல்லுறன். பாத்திக்கு அனுமதி தேவையில்லை" என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார். "வேண்டாம் தம்பி" என்றேன். எஸ்தரிடம், "யாரும் கொடுக்கலைன்னு சொல்லும்மா. எனக்குத் தெரியாது, தப்பு என்னுது. சத்தம் போட்டு எழுப்பினதுக்கு மன்னிச்சுக்கச் சொல்லு" என்றேன்.

ஹில்டே தலையை ஆட்டினார். "அனுமதி இல்லாமல் கட்டியதைப் பிரிக்க வேண்டும். அடுத்த கூட்டம் விடுமுறைக்குப் பிறகு. எனக்கு வருத்தம்தான், ஆனால் விதி எல்லாருக்கும் ஒன்று."

எஸ்தர் அதை எனக்குத் தமிழில் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நின்றாள். ஐந்து மாதம் நிற்காமல் ஓடிய பெண். மரக்கட்டுமேல் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப திராமன்தான்" என்றாள். அதை நார்வீஜியனிலும் சொன்னாள் போலிருக்கிறது. திங்கள், பத்து மணி, இல்லம், கணவன் என்று எல்லாவற்றையும் அந்தக் கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டே போனாள். பக்கத்து வீட்டில் ஐந்து மாதமாக என்ன நடக்கிறது என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாதாம். பஸ் ஓட்டுபவர் வேறு ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்தார்களாம்.

ஆர்னே தூணைச் சுற்றி வந்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். ஹில்டேயிடம் ஏதோ கேட்டார். எஸ்தர் எழுந்து நின்றாள்.

"என்னம்மா சொல்றார்?"

"போர்டுல எத்தனை பேருன்னு கேக்கறார். அஞ்சு பேர். அவரே ஒரு ஆள். ஹில்டே ஒண்ணு. அதோ நீலக் கம்பளி போத்திட்டு நிக்கறாங்களே, அவங்க ஒண்ணு. அஞ்சுல மூணு பேர் இங்கயே நிக்கறோம், கூட்டம் நடத்த இது போதும்னு சொல்றார்பா!"

என் சத்தம் கேட்டுத் திட்ட வந்தவர்களில் மூன்று பேர் அந்தப் போர்டு! கர்த்தர் யாரை எதற்கு எழுப்புகிறார் என்று நாம் எப்படி அறிவோம்?

புல்மேல் கூட்டம் நடந்தது. ஹில்டே கடைசியாக என்னைப் பார்த்துக் கேட்டார்: சரிவு விதிப்படி இல்லாவிட்டால் நீங்களே பிரித்துவிடுவீர்களா?

"சத்தியம் பண்ணுங்கோ ஐயா, அம்மாளாணை எண்டு சொல்லுங்கோ" என்று சிவநேசன் என் தோளைக் குலுக்கினார்.

"நாங்க சத்தியம் பண்றதில்லை தம்பி."

"ஐயோ, இப்பவோ அதைச் சொல்லுவீங்கள்!"

என்ன சச்சரவு என்று ஹில்டே கேட்டார். எஸ்தர் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: எங்கள் சபையில் சத்தியம் செய்தால் மற்ற நேரம் சொல்வது பொய் என்று ஆகிவிடும், அதனால் ஆம் என்றால் ஆம், அதோடு சரி. ஹில்டே என் பக்கம் திரும்பினார். "அப்படியானால் ஆம் என்று சொல்லுங்கள்" என்றார்.

"யா" என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே நார்வீஜிய வார்த்தை.

மூன்று கை உயர்ந்தது.

உடனே ஆர்னே தன் மடிப்பு அளவுகோலை எடுத்து என் வேலையைக் கவிழ்த்தார். நான் நேராக ஒரே ஓட்டமாகக் கணக்குப் போட்டிருந்தேன். அது செங்குத்து; நாற்காலி தலைகீழாக வரும். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும், நடுவில் திரும்புவதற்கு ஒரு தட்டு வேண்டும். அவர் படகு கட்டும் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவராம். அவர் சொன்னது சரி. ஆனால் அதற்கு என் மரம் பாதிகூடக் காணாது.

"ஒன்பது மணிக்குப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாரும் போனார்கள். அதுவரை நானும் எஸ்தரும் சத்தமில்லாமல் நூல் பிடித்தோம், குழி தோண்டினோம்.

ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆர்னே வந்தார், தோளில் இரண்டு நீளப் பலகையோடு. பின்னால் அவர் மகள். சிவநேசன் தன் வீட்டுப் பின்புறத்துப் பழைய மரமேடையைப் பிரித்து எடுத்து வந்தார். தூங்கவே இல்லை அந்த மனிதர். நீலக் கம்பளி அம்மாள் கைவண்டி நிறையச் சிவப்புப் பலகை. ஒவ்வொரு வீட்டுப் பின்புறத்திலும் இந்த ஊரார் மிச்ச மரத்தை அடுக்கி வைத்திருக்கிறார்கள். என்றாவது தேவைப்படும் என்று. எண்ணிப் பார்த்தேன், பதினேழு பேர். எல்லார் கையிலும் கருவி இருந்தது.

"இதுக்கு இங்க டுக்னாட்னு பேர்பா" என்றாள் எஸ்தர். "எல்லாரும் சேர்ந்து, கூலி இல்லாம."

"நமக்கும் இருக்கே. பேர்தான் வைக்கலை."

ஆர்னே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்பது அடித்ததும் கையை உயர்த்தி என்னைக் காட்டினார். நான் அடித்தேன். இந்தத் தடவை முகம் சுளித்தவர் யாருமில்லை.

அவர்கள் ஆணி அடிப்பதில்லை, ஸ்க்ரூ முடுக்குகிறார்கள். பெண்கள்தான் அதில் வேகம். ஹில்டே கையிலிருந்த துரப்பணம் நிற்கவே இல்லை. ஆண்கள் இரண்டு பேர் அடுப்பு வைத்து வாஃபிள் என்ற இனிப்பு அப்பம் சுட்டார்கள். போனில் சாராளிடம் சொன்னபோது, "பொம்பளைங்க மரவேலை, ஆம்பளைங்க அடுப்பா? நம்ம சபைக்கு அந்தம்மாவை அனுப்பி வையுங்க" என்றாள். சிவநேசனின் மனைவி ரோல்ஸ் என்ற பொரித்த பலகாரம் கொண்டுவந்தார். நான் களி கொடுத்தேன். "இது எங்கடை குரக்கன் எல்லோ!" என்று அவர் கண்ணை விரித்தார். ஆர்னே ஒரு வாய் போட்டு நெடுநேரம் மென்றார். மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று காட்டினேன். விழுங்கினார். "படகு ஓட்டை அடைக்க நல்ல சரக்கு" என்றாராம்.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. எல்லாரும் ஓடிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் தலை நிமிரவில்லை.

கைப்பிடியை மட்டும் நானே செய்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். என் இழைப்புளியால் இரண்டு பக்கமும் உருட்டி, மூன்று தடவை இழைத்தேன். கையால் பிடித்து ஏறப்போகிறவருக்கு ஒரு சிராய் ஏறக்கூடாது. ஆர்னே கண்ணை மூடிக்கொண்டு முழு நீளமும் தடவிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். படகுத் தச்சனிடம் அந்தக் குலுக்கல் வாங்குவது லேசான காரியமா?

ஏழு மணிக்கு முடிந்தது. பச்சை, சாம்பல், சிவப்பு, பழுப்பு என்று ஏழெட்டு வீட்டு மரம். எட்டி நின்று பார்த்தால் ஒட்டுத்துணி தைத்த போர்வை மாதிரி ஒரு சாய்தளம். ஹில்டே தாமே ரசமட்டம் வைத்துப் பார்த்து, என்னைப் பார்த்து "யா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்தரோடு தமிழர் பூசைக்குப் போனேன். ஆம், கத்தோலிக்கப் பூசைக்குத்தான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். நாங்கள் வாத்தியம் இல்லாமல் பாடுகிறவர்கள். அங்கே ஆர்கன் முழங்கியது. பாட்டு மட்டும் நல்ல தமிழ். வாசலில் ஒரு அம்மா, "நீங்களோ நாலரைக்கு ஆணி அடிச்ச ஐயா?" என்று கேட்டார். ரொம்மன் பக்கத்தில் இருக்கிறவராம். நகரத்தின் அந்தக் கோடிவரைக்கும் என் சத்தம் போயிருக்கிறது.

திங்கள் பத்து மணிக்கு ஓர் இளம் பெண் வந்தார். அளந்தார். நடுத்தட்டில் ஒரு காலி நாற்காலியை வைத்துத் தாமே திருப்பிப் பார்த்தார். கைப்பிடியைத் தடவினார். யார் கட்டியது என்று கேட்டதற்கு, எஸ்தர் வரிசை வீடுகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கையால் காட்டினாள். அவர் காகிதத்தில் ஒரு கட்டத்தில் கோடு போட்டுக் கையெழுத்து வைத்தார்.

செவ்வாய்க்கிழமை மறுபடி மழை. மருத்துவமனை வண்டி தெருமுனையில் நின்றது. அதற்கு மேல் வர இடமில்லை. ஜெயராஜா மண்பாதையில் நாற்காலியைத் தாமே உருட்டிக்கொண்டு வந்தார். சாய்தளத்தின் அடியில் நின்றார். மழையில் நனைந்து பலகைகளின் நிறமெல்லாம் பளிச்சென்று எழும்பியிருந்தது. சிவநேசன் பின்னால் போய்த் தள்ளக் கை வைத்தார்.

"விடுங்கோ அண்ணை. நான் ஏறுவன்."

ஏறினார். கை, தோள், கழுத்து எல்லாம் புடைத்தது. நடுத்தட்டில் நின்று மூச்சு வாங்கினார். வரிசையில் எல்லா வாசலிலும் ஆள் நின்றார்கள். திரும்பி இரண்டாவது ஓட்டத்தில் ஏறி, வாசலுக்கு வந்துவிட்டார். அப்போதுதான் தெருவே கைதட்டியது. ஆர்னே தொப்பியைக் கழற்றி ஆட்டினார். நான் ஸ்தோத்திரம் என்று உரக்கவே கத்தினேன்.

வாசலில் ஜெயராஜா நாற்காலியை நிறுத்திவிட்டார். இந்த ஊரில் யார் வந்தாலும் செருப்பைக் கழற்றாமல் உள்ளே கால் வைக்கமாட்டார்கள். அவர் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். "எஸ்தர், ஒரு துணி கொண்டு வா. சில்லு முழுக்கச் சேறு. நிலம் பழுதாப்போயிடும்."

நான் உள்ளே போய்ச் சமையலறைப் பாத்திரத்தில் வெந்நீரும் துண்டும் எடுத்துவந்தேன். எங்கள் சபையில் திருவிருந்துக்கு முன்னால் ஒருவர் காலை ஒருவர் கழுவுவோம். நாற்பது வருடத்தில் எத்தனையோ பேர் காலைக் கழுவியிருக்கிறேன், எனக்குப் பிடிக்காதவர்கள் காலையும்கூட. அவர் முன்னால் முழங்காலில் உட்கார்ந்தேன்.

"மாமா, என்ன செய்யிறீங்கள்? விடுங்கோ, எஸ்தர் துடைப்பா."

"சும்மா இருங்க மாப்பிள்ளை" என்றேன்.

ஒரு சக்கரம், பிறகு மறு சக்கரம். கம்பி கம்பியாகக் கழுவினேன். தண்ணீர் கறுத்தது. அவர் கை என் தலைமேல் வந்து நின்றது, எடுக்கவில்லை. துடைத்து முடித்து, துண்டை உதறிவிட்டு நகர்ந்து வழிவிட்டேன். அவர் கதவின் நிலையை ஒருமுறை தொட்டுவிட்டு உருட்டிக்கொண்டு உள்ளே போனார். மரத்தரையில் இரண்டு ஈரக்கோடு நேராகச் சமையலறை வரைக்கும் போனது. எஸ்தர் அதைத் துடைக்கவில்லை. அது காயும்வரை அதன்மேல் கால் படாமல் ஒதுங்கி நடந்துகொண்டிருந்தாள்.